கரைக்குப் பிள்ளையளைக் குப்பை பொறுக்க மட்டும் கூப்பிடுற அதிகாரிமாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்மார், மிஸ்மார்,

எங்கட பக்கத்துக் கரையோரத்துக்கும் சுற்றாடலுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பொறுப்பா இருக்கிற எல்லாருக்கும் சேர்த்துத் தான் எழுதுறன். ஒருத்தருக்கு எண்டு எழுதினா அவர் மற்றவரைக் காட்டுவார், மற்றவர் இன்னொருத்தரைக் காட்டுவார், அந்தச் சுத்தெல்லாம் நாங்கள் சுத்தி முடிச்சிட்டம்.

போன கிழமை பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. பிள்ளையளைக் களப்புப் பக்கமோ கடற்கரைப் பக்கமோ எந்தச் செயற்பாட்டுக்கும் கூட்டிக்கொண்டு போகக்கூடாதாம், பாதுகாப்புக் காரணமாம். அதே இடத்தில இருந்து அதுக்குக் கொஞ்சம் முந்தி வந்த மற்றக் கடிதத்தில, கடற்கரைத் துப்புரவு நாளுக்கு ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பிள்ளையளைக் கட்டாயம் அனுப்ப வேணும், ரீசேட்டும் தேத்தண்ணியும் பணிசும் தருவம் எண்டு இருக்கு. ரெண்டையும் ஒரு ரீச்சர் எனக்கு வட்சப்பில அனுப்பினவ, கீழ ஒரு சொல்லும் எழுதேல்ல, எழுதவும் தேவையில்லை. குப்பை பொறுக்கேக்க ஆபத்தில்லாத கரை, தண்ணியை அளக்கேக்க மட்டும் ஆபத்தாப் போறது எப்பிடி எண்டு நீங்கள் தான் சொல்லோணும்.

நான் அரசாங்க ரீச்சர் இல்லை. சனசமூக நிலையத்தில பின்னேரத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறன், அப்பா முல்லைத்தீவு நந்திக்கடல் களப்பில இறால் பிடிக்கிறவர். சனிக்கிழமை விடிய பெடியள் பெட்டையளைக் களப்புக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் தண்ணியைப் பார்த்து கொப்பியில எழுதுறது தான் எங்கட வகுப்பின்ர செய்முறை. கடிதத்தில எங்கட பேர் இல்லை, ஆனா ஆருக்கு எழுதினது எண்டு எங்களுக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும்.

அங்க என்ன தான் செய்யிறம் எண்டு ஒருக்கா வந்து பார்த்திருந்தா இந்தக் கடிதம் வந்திராது எண்டு நினைக்கிறன். வரேல்ல, அதால நானே சொல்லுறன். உப்பு அளக்கிற ரிஃப்ரக்ரோமீற்றர் ஒண்டு எங்களிட்ட இருக்கு, வெளிநாட்டில இருக்கிற ஊர்ப் பெடியன் ஒராள் வாங்கி அனுப்பினது. களப்புத் தண்ணி ஒரு துளியை அதின்ர கண்ணாடியில விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு ஒரு கண்ணால பார்த்தா உள்ளுக்க நீலமும் வெள்ளையும் பிரியிற ஒரு கோடு தெரியும். கோடு நிக்கிற இலக்கம் தான் உப்பு. ஒருத்தன் பார்த்துச் சொல்லுவான், அடுத்தவள் அவன் சொன்னதைக் கேக்காமல் தானாப் பார்த்துச் சொல்லுவாள், ரெண்டும் ஒத்துவராட்டி மூண்டாவது ஆள். கண்ணாடியைச் சேட்டால துடைச்சா எல்லாரும் சேர்ந்து கத்துவினம், ஏனெண்டா கீறு விழுந்தா இன்னொண்டு வாங்கக் காசில்லை. கடல் தண்ணி எண்டா ஆயிரத்துக்கு 35 அளவில நிக்கும். மாரியில வட்டுவாகலில களப்பு கடலோட சேருற வாய் திறந்து வெள்ளம் கடலுக்கு ஓடேக்க எங்கட களப்பில கோடு நல்லாக் கீழ இறங்கிப் போகும், ஆவணி புரட்டாதியில வாய் மண்ணால அடைச்சு, வெயிலுக்குத் தண்ணி வத்தி, அதே இடத்தில 40 ஐத் தாண்டி கடலை விட உப்பா நிக்கும். களப்பு கடலை விட உப்பாகும் எண்டு புத்தகத்தில படிச்ச பிள்ளைக்கும், தானே கோட்டைப் பார்த்த பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை, நீங்களும் படிச்ச ஆக்கள் தான்.

தண்ணி எவ்வளவு கலங்கல் எண்டு பார்க்க பெயின்ற் ரின் மூடியை நாலாப் பிரிச்சு கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி அடிச்சு, நடுவில கயிறு கட்டி இறக்குறம். மூடி கண்ணுக்கு மறையிற ஆழத்தைக் கயிற்றில இருக்கிற முடிச்சில எண்ணி எழுதுறது. 1865 இல அஞ்சலோ செக்கி எண்ட இத்தாலிப் பாதிரியார் மத்தியதரைக் கடலில இறக்கிப் பார்த்ததும் இப்பிடி ஒரு தட்டுத் தான், அவர் வெள்ளைத் தட்டு போட்டவர், கறுப்பு வெள்ளை பிறகு வந்தது. விலை எங்களுக்கு ஒண்டுமில்லை, மூடி குப்பையில எடுத்தது (துப்புரவு நாளில இல்லை).

முதல்ல எங்களைப் பார்த்து நக்கலடிச்ச ஒரு பெரியவர் இருக்கிறார், சின்ன வயசில இருந்து களப்பில தொழில். ஒருநாள் கொப்பியை வாங்கிப் பார்த்திட்டு, திகதியை எழுதி என்னடாப்பா பிரயோசனம், பிறையை எழுதேல்லயே எண்டு கேட்டார். இறால் களப்பை விட்டு வெளிக்கிடுறது அமாவாசைக்கும் பறுவத்துக்கும், காத்து சோளகமோ வாடையோ எண்டதையும் எழுதாட்டி உந்தக் கணக்கு ஒரு தொழிலாளிக்கும் உதவாது எண்டார். அண்டையில இருந்து கொப்பியில பிறைக்கு ஒரு நிரல், காத்துக்கு ஒரு நிரல். இப்ப அவர் தான் வலை போட முந்தி பிள்ளையளிட்ட இண்டைக்கு உப்பு எத்தினை எண்டு கேக்கிறவர். எந்த என்ஜிஓவின்ர பயிற்சிப்பட்டறையிலயும் இது நடந்து நான் காணேல்ல, அங்க நாங்கள் கண்டது பவர்பொயின்றில பனிக்கரடி. பனிக்கரடி பாவம் தான், ஆனா அது முல்லைத்தீவில இல்லை.

இனி உண்மையான ஆத்திரத்துக்கு வாறன். ஒரு கோடையில களப்பில மீன் செத்து மிதந்தது, திரளி, மணலை, கெளிறு எண்டு கரை முழுக்க வெள்ளையா. இது எங்கட களப்புக்குப் புதுசில்லை, தண்ணி வத்திற வருசங்களில நடக்கிறது தான். அதுக்கு முந்தின கிழமையளிலயே பிள்ளையளின்ர கொப்பியில தண்ணி மட்டம் இறங்கினது, உப்பு ஏறினது, மூடி மறையிற ஆழம் குறைஞ்சு தண்ணி பச்சையா மாறினது எல்லாம் இருந்தது. கடற்றொழிலாளர் சங்கத்தால அறிவிச்சு, ஒரு அதிகாரி மத்தியான வெயிலுக்க வந்து, ஒரு போத்தலில தண்ணி அள்ளிக்கொண்டு போனவர். பிறகு தண்ணியில பெரிய பிரச்சினை ஒண்டும் இல்லை எண்டு வாயால ஒரு பதில். எழுத்தில இண்டை வரைக்கும் ஒண்டும் வரேல்ல.

சேர், பாசி பெருத்த தண்ணியில பகல் வெயிலுக்குப் பாசி ஒட்சிசனை விடும், இரவில அதே பாசி ஒட்சிசனை இழுக்கும், அதால ஒட்சிசன் ஆகக் குறையிற நேரம் விடியப்பறம், சூரியன் வர முந்தி. சூடான தண்ணியும் உப்புக் கூடின தண்ணியும் ஒட்சிசனைக் குறைவாத் தான் பிடிச்சு வைச்சிருக்கும். லீற்றருக்கு ரெண்டு மில்லிகிராமுக்குக் கீழ போனா கனக்க மீன் தாக்குப் பிடிக்காது. செத்தது விடியப்பறம், நீங்கள் அள்ளினது மத்தியானம். மத்தியானம் அள்ளின போத்தலில ஒட்சிசன் நல்லாத் தான் இருந்திருக்கும், அது மீன் செத்த தண்ணி இல்லை. இது எனக்கு மட்டும் தெரிஞ்ச பெரிய ரகசியம் இல்லை, ஏ எல் உயிரியல் படிக்கிற பிள்ளையே சொல்லுவாள், சொன்னவள் தான். கொப்பியைக் கொண்டுபோய் நீட்டினவள், பக்கத்தில அவளின்ர தகப்பனும் நிண்டவர். இது சின்னப் பிள்ளையளின்ர எழுத்து, இதை நாங்கள் பைலில போடேலாது எண்டு அந்தக் கொப்பியைத் திறந்தும் பாராமல் திருப்பிக் குடுத்தது உங்கட ஆள் தான். பேர் சொல்லேல்ல, அவருக்குத் தெரியும்.

சின்னப் பிள்ளையளின்ர எழுத்து பைலில போக ஏலாதெண்டால், போறதுக்குப் பெரியாக்களின்ர எழுத்து எங்க இருக்கு? ஒவ்வொரு கிழமையும் இந்தக் களப்பில ஒரே இடத்தில, ஒரே நேரத்தில உப்பை எழுதின ஒரு கொப்பி உங்களிட்ட இருந்தா காட்டுங்கோ, நாங்கள் எங்கடதை மூடி வைக்கிறம்.

முந்தி எப்பிடி இருந்தது எண்டு எழுதி வைக்காட்டி பிறகு நட்டம் கேக்கவும் ஏலாது, காரணம் சொல்லவும் ஏலாது. 2021 மே 20 இல கொழும்புக்கு வெளிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடிச்சு யூன் 2 இல தாழத் தொடங்கினது, பிளாஸ்ரிக் சாமான் செய்யிற சின்னச் சின்ன பிளாஸ்ரிக் மணி 1,680 தொன் அளவில அதில இருந்தது. பிறகு ஆமையள் செத்து ஒதுங்கேக்க, கப்பலால எத்தினை, வழமையா அந்தக் காலத்தில சாகிறது எத்தினை எண்டு பிரிச்சுச் சொல்ல முந்தின வருசங்களின்ர கணக்குத் தேவை. 2025 யூலையில உச்ச நீதிமன்றம் நூறு கோடி டொலர் நட்டஈடு குடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது நல்லது தான், ஆனா நாளைக்கு எங்கட கரைக்கு நேர ஒரு கப்பல் தாழ்ந்தா, எங்கட கரை முந்தி எப்பிடி இருந்தது எண்டு ஆர் காட்டுறது? 2025 மேயில கேரளாப் பக்கம் எம்எஸ்சி எல்சா 3 எண்ட கப்பல் தாழ்ந்து, அடுத்த மாசமே மன்னார்க் கரையில பிளாஸ்ரிக் மணி ஒதுங்கினது. அதைக் கேள்விப்பட்டவுடன எங்கட பிள்ளையள் மா அரிக்கிற அரிதட்டைத் தூக்கிக்கொண்டு முல்லைத்தீவுக் கரையில ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் கீறி, மேல் மண்ணை அரிச்சுப் பார்த்தவை. ஒண்டும் அம்பிடேல்ல. சின்னனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. பூச்சியம் எண்டு எழுது, திகதி போடு, இடத்தைப் போடு எண்டு சொன்னன். அந்தப் பூச்சியம் தான் பிற்காலத்தில பெறுமதி.

துப்புரவு நாளைப் பற்றியும் சொல்லத் தான் வேணும். புரட்டாதி மாசம் மூண்டாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கிற இந்த நாள் 1986 இல அமெரிக்காவின்ர ரெக்சாஸ் கரையில தொடங்கேக்க, பொறுக்கின ஒவ்வொரு சாமானையும் அட்டையில எழுதினது தான் அதின்ர விசேசம். எத்தினை போத்தல், எத்தினை கயிறு, எத்தினை சிகரெட் கட்டை. எங்க இருந்து வருது எண்டு தெரிஞ்சாத் தானே நிப்பாட்டலாம். இங்க வந்து சேரேக்க அட்டை விழுந்து போச்சு, பனரும் போட்டோவும் மிஞ்சிப் போச்சு. போன முறை பிள்ளையள் பொறுக்கிக் கட்டின பையள் ஏத்த ஆளில்லாமல் கரையிலயே கிடந்து, நாய் கிளறி, காத்துக்குப் பாதி திரும்பக் களப்புக்க போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தம். பேஸ்புக்கில அந்தப் போட்டோ இல்லை.

களப்புக் கரைச் சேத்தில வளர்ற கண்டல் மரம் நடுறதும் அப்பிடித் தான். சுனாமிக்குப் பிறகு இலங்கை முழுக்க நட்ட கண்டலுகளைப் போய் எண்ணிப் பார்த்த ஆய்வு ஒண்டு 2017 இல வந்தது, பார்த்த 23 இடத்தில 9 இடத்தில ஒரு கண்டு கூட உயிரோட இல்லை, நட்ட 1,000 இல இருந்து 1,200 ஹெக்ரயரில 200 சொச்சம் தான் தப்பியிருக்கு. காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை, தண்ணி ஏறி இறங்குற அளவு பாராமல் நட்டது, மாடு மிதிச்சது, நட்டாப் பிறகு ஒருத்தரும் திரும்பிப் பாராதது. திரும்பிப் பார்க்க ஆர் இருக்கினம் எண்டு கேட்டா, சைக்கிளில பத்து நிமிசத்தில வந்து நிக்கக்கூடிய பிள்ளையள் தான் இருக்கினம். அவையளை நடுற அண்டைக்கு மட்டும் கூப்பிட்டு போட்டோவுக்கு நிப்பாட்டிப்போட்டு விடுறது என்ன கணக்கு?

பிள்ளையளால ஏலாது எண்டு சொல்லாதேங்கோ. கடலுக்கு அங்கால சென்னையில மாணவர் கடலாமை பாதுகாப்பு அமைப்பு 1988 இல இருந்து இரவிரவாக் கரையில நடக்குது, முட்டை எடுக்குது, செத்த ஆமையை எண்ணுது. 2025 தையில அந்தக் கரையில ஆமையள் கும்பலாச் செத்து ஒதுங்கேக்க அரசாங்கத்தாலயும் கண்டும் காணாமல் விட முடியாமப் போனதுக்கு, வருசா வருசம் எண்ணி வைச்ச கணக்கு ஒரு காரணம். இங்கயும் இலங்கைக்கு வாற அஞ்சு வகை ஆமையும் சட்டத்தால பாதுகாக்கப்பட்டது தான், எங்கட மணலிலயும் முட்டை போடுது. எண்ணுறதுக்கு ஆள் தானே இல்லை.

பாதுகாப்புப் பிரச்சினை பொய் எண்டு நான் சொல்ல வரேல்ல. வாய் வெட்டின இடத்தில இழுவை பொல்லாதது. சில காணியளில இன்னும் வெடிபொருள் அம்பிடுது. 2004 மார்கழியில பிள்ளையைக் குடுத்த தாய்மார் எங்கட வகுப்புப் பிள்ளையளின்ர அம்மம்மாமார், அவை கடலுக்கு முதுகு காட்டித் தான் இருப்பினம், அவையளோட கதைச்சுச் சம்மதம் எடுக்க எனக்கு மாசக்கணக்காச்சு. அதுக்குப் பிறகு 2009. எங்கட வகுப்பில இருக்கிற எல்லாரும் அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளையள், நந்திக்கடல் எண்டா அவையளுக்கு வைகாசி மாசத்தில பெரியாக்கள் அழுகிற ஒரு பேர். அந்தப் பேர் அப்பிடியே இருக்கட்டும், இருக்கத் தான் வேணும். ஆனா அந்தத் தண்ணியில மீன் இருக்கு, சோறு இருக்கு, மாரிக்கு வாற கொக்கும் கூழைக்கடாவும் இருக்கு, பிள்ளையள் அதையும் தங்கட கண்ணால பார்த்து வளரட்டும். பயத்துக்கு மருந்து தடை எண்டு நீங்கள் நினைக்கிறியள், எனக்கு அப்பிடித் தெரியேல்ல. தடை போட்டா பிள்ளையள் கரைக்குப் போகாமல் இருக்கப்போறதில்லை, பெரியாக்கள் இல்லாமல் போவினம்.

இன்னொண்டு. 2017 இல நந்திக்கடலையும் நாயாறையும் இயற்கை ஒதுக்கிடமா வர்த்தமானியில போட்டது. எங்கட சனத்துக்கு அது வந்து சேர்ந்தது எல்லைக்கல்லா. எது ஒதுக்கு, எதுக்காக ஒதுக்கு, தொழில் செய்யலாமோ ஏலாதோ எண்டு தமிழில விளங்கப்படுத்தின ஒரு துண்டுத்தாள் என்ர கையுக்கு வரேல்ல. சனம் களப்பைப் பாதுகாக்கோணும் எண்டு மேடையில கேக்கிறியள், களப்பைப் பற்றின ஒரு இலக்கத்தையும் சனத்துக்குச் சொல்லுறியள் இல்லை.

சரி, எங்களுக்கு என்ன வேணும் எண்டு நேராச் சொல்லுறன்.

முதலாவது, அந்தத் தடைக் கடிதத்தைத் திருப்பி எடுங்கோ. அதுக்குப் பதிலா எழுத்தில ஒரு பாதுகாப்பு ஒழுங்கு தாங்கோ: தாய் தகப்பனின்ர கையெழுத்து, நீந்தத் தெரிஞ்ச சங்க ஆக்கள் ரெண்டு பேர் கூட, முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கிறேல்ல, வாய்ப் பக்கம் போறேல்ல, கண்ணிவெடி அகற்றி முடிச்சது எண்டு உறுதியான கரை மட்டும். இதில முக்கால்வாசி நாங்கள் இப்பவே செய்யிறம். எந்தக் கரை உறுதியானது எண்ட வரைபடத்தை மட்டும் நீங்கள் தர வேணும், அது எங்களால ஏலாது.

அடுத்தது, பிள்ளையளின்ர கொப்பியை வாங்குங்கோ. மாசத்துக்கு ஒருக்கா பிரதி எடுத்துத் தாறம், ஒரு அதிகாரியைப் பொறுப்பா விடுங்கோ, அவர் பிழை இருந்தா பிழை எண்டு எழுதி அனுப்பட்டும், எங்கட மீற்றர் பிழையெண்டா உங்கட மீற்றரைக் கொண்டந்து பக்கத்தில வைச்சுப் பார்க்கட்டும். நாங்கள் பரிசு கேக்கேல்ல, சான்றிதழ் கேக்கேல்ல, திருத்தம் கேக்கிறம். மீன் செத்தா விடிய வந்து தண்ணி அள்ளுங்கோ, வர ஏலாட்டி ஒட்சிசன் அளக்கிற கருவி ஒண்டை எங்கட கடற்றொழிலாளர் சங்கத்தில வையுங்கோ, பிள்ளையளுக்கும் சங்க ஆக்களுக்கும் பழக்கி விடுங்கோ. ரீசேட் காசில வாங்கலாம்.

துப்புரவு நாள் நடக்கட்டும், நாங்களும் வாறம். ஆனா பிள்ளை ஒவ்வொருத்தருக்கும் எழுதுற அட்டையும் பென்சிலும் குடுங்கோ, தராசு கொண்டு வாங்கோ, அண்டைக்கே பையை ஏத்த ரைக்ரர் ஒழுங்கு பண்ணுங்கோ, எழுதின கணக்கை ஒரு மாசத்துக்குள்ள தமிழில பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ. கண்டல் நட முந்தி எங்க நடுறது எண்டு தொழிலாளியளிட்டக் கேளுங்கோ, நட்ட கண்டை மூண்டு வருசத்துக்கு எண்ணுற வேலையைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுங்கோ. ஒவ்வொரு தையிலயும் நடக்கிற ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு ஆக்கள் வரேக்க எங்கட பிள்ளையள் நாலைஞ்சு பேரையும் கூடக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ, பறவையின்ர தமிழ்ப் பேரை அவை சொல்லிக் குடுப்பினம்.

கடைசியா, அந்த மீன் செத்த நேரம் அள்ளிக்கொண்டு போன போத்தலின்ர பரிசோதனை முடிவு. அது எங்கயோ ஒரு பைலில இருக்கும். எத்தினை மணிக்கு அள்ளினது, என்ன பார்த்தது, என்ன இலக்கம் வந்தது எண்டு தமிழில எழுதித் தாங்கோ. இந்த மாச முடிவுக்குள்ள வரவேணும், வராட்டி தகவல் அறியும் சட்டத்தில விண்ணப்பம் போடுறதுக்குப் படிவம் ஏற்கனவே நிரப்பி வைச்சிருக்கு, நிரப்பினது நீங்கள் கொப்பியைத் திருப்பிக் குடுத்த அதே பிள்ளை.

இப்படிக்கு,
நந்திக்கடல் கரையில இருந்து ஒரு பின்னேர வகுப்பு ரீச்சர்